மூணு திராட்சை கலந்த ஒயின்

காயிதம் இருந்தா குடுங்க தம்பி. பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நான சர்ட்டிபிகேட், வீட்டுப் பத்திரம், எதுவா இருந்தாலும் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பிரெஞ்சுல பண்ணி, சீல் வச்சுக் கையில குடுத்துடறேன். வாய்ப் பேச்சுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. தங்கச்சிக்கு நிச்சயம், மாப்பிள்ளையோட அப்பா அம்மா பாரீஸ்லேருந்து வர்றாங்க, ரெண்டு குடும்பத்துக்கும் நடுவுல உட்கார்ந்து அவங்க சொல்றத இவங்களுக்கும் இவங்க சொல்றத அவங்களுக்கும் எடுத்துச் சொல்லணும்னு கேக்கறீங்க. புரியுது. உட்காருங்க. ஏன் வரமாட்டேங்கறேன்னு சொல்லிடறேன். இல்லேன்னா வெளியில போய், ஞானாதிக்கம் மாஸ்டருக்கு ரிட்டயர் ஆனதும் திமிரு ஏறிப்போச்சுன்னு சொல்லுவீங்க.

முப்பத்திநாலு வருஷம் பிரெஞ்சு வாத்தியார் நான். இந்தப் பாண்டிச்சேரியில பாதிப் பேர் பிரான்ஸ்ல போய் இறங்கி, ஏர்போர்ட்ல வாயத் திறந்து பேசினாங்கன்னா அது நான் குடுத்த வாய். அதுல எனக்குப் பெருமை உண்டு. இருக்கக் கூடாதா?

போன வருஷம் பெப்ரவரி மாசம். ஒயிட் டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸ் மேனேஜர் போன் பண்ணினான், என்கிட்டப் படிச்சவன். "சார், பிரான்ஸ்லேருந்து ஒரு பெரியவர் வந்திருக்காரு. திராட்சத் தோட்டக்காரர். இங்கிலீஷ் சுத்தமாத் தெரியாது. ஒரு குடும்பத்துகிட்டப் பேசணுமாம். நீங்க வந்தா நல்லா இருக்கும்"னான். போனேன்.

மொசியே பெலார்னு பேரு, மொசியேன்னா நம்ம ஐயா மாதிரி. எழுபத்திநாலு வயசு. தெற்கு பிரான்ஸ்ல ரோன் ஆத்துப் பக்கம் ஊரு. ஆள் தென்ன மரம் மாதிரி உயரம், கை ரெண்டும் மம்பட்டி மாதிரி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னு கை குடுத்தாரு. "மொசியே, எனக்குப் பேச வராது. நாப்பத்தெட்டு வருஷமா செடிங்ககிட்டதான் பேசியிருக்கேன். நீங்கதான் எனக்காகப் பேசணும்"னாரு. ஒரு வெள்ளைக்காரர், அந்த வயசுல, அப்படிச் சொன்னா எப்படி இருக்கும் நினைச்சுப் பாருங்க. சரின்னுட்டேன்.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே பையன், ரெமி. ஒரு பொண்ணு, கிளேர். ரெமிக்கு இருபது வயசு இருக்கும்போது தோட்டத்துல ஒரு துண்டு நிலத்துல அவனாவே ஒரு திராட்சை வச்சிருக்கான். மூர்வேத்ர்னு பேரு. அது சோம்பேறித் திராட்சை. எல்லாத்துக்கும் கடைசியாப் பழுக்கும், சீக்கிரம் பலன் குடுக்காது. ஆறு வருஷம் பார்த்துட்டு, ஒரு குளிர்காலத்துல அப்பன்காரர் டிராக்டர் விட்டுப் பிடுங்கிட்டாரு. பையன் வெளியூர் போயிருந்த நேரம். திரும்பி வந்து பார்த்தான். பையை எடுத்துக்கிட்டு கிளம்பினவன் நம்ம பாண்டிச்சேரியில வந்து நின்னான். இங்க ஒரு மரப் பட்டறையில நாற்காலி, மேசை டிசைன் பண்ணிக்கிட்டு எட்டு வருஷம் இருந்திருக்கான்.

முத்தியால்பேட்டையில மரகதவல்லின்னு ஒரு பொண்ணு. தோல் பை தைக்கிற யூனிட்ல வேலை. அதோட பழகி, கோயில்ல தாலி கட்டிக்கிட்டான். பதிவு பண்ணல. ஒரு பெண் குழந்தை, எழிலின்னு பேரு. பெரியவர் இங்க வர்றதுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி திண்டிவனம் ரோட்டுல லாரி மோதி ரெமி போயிட்டான். அக்கா கிளேர் பிளேன்ல வந்து, உடம்பப் பெட்டியில வச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இந்தப் பொண்ணுகிட்ட யாரும் எதுவும் கேக்கல. கேக்கறதுக்குக் காயிதம் வேணுமில்ல? தாலி இருக்கு, பதிவு இல்ல. அத என்னன்னு சொல்றது, நீங்களே சொல்லுங்க. நான் தப்பாச் சொல்லல. உலகம் எப்படிப் பார்க்கும்னு சொல்றேன்.

பெரியவர் அப்ப வரல. "வர முடியல மொசியே. என்னால முடியல"ன்னு ரெண்டு தடவை சொன்னாரு. இப்ப மருமகளையும் பேத்தியையும் பார்க்கணும்னு வந்திருக்காரு. பெட்டியில மூணு பாட்டில் ஒயின், ஒவ்வொண்ணையும் கம்பளிக் காலுறைக்குள்ள போட்டு, குழந்தைக்குச் சட்டை போட்டு விட்ட மாதிரி கொண்டாந்திருந்தாரு.

நான் போய் மரகதத்தைப் பார்த்தேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அழைக்கிறேன்னு சொல்லிச்சு. அப்ப நானே ஒரு யோசனை சொன்னேன். "ஏம்மா, அவர் சிவப்பு ஒயின் கொண்டாருவாரு. அதுக்கு மீன் ஆகாது. புளி ஆகாது. பச்ச மிளகா ஆகாது. ஆட்டுக்கறி எடுத்து மிளகு தூக்கலா ஒரு வறுவல் பண்ணு. கத்திரிக்காயத் தணல்ல சுட்டு வச்சிடு. அது போதும்"னு. தலைய ஆட்டிச்சு.

எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்களா? பிரெஞ்சு சொல்லிக்குடுக்கறதுன்னா ஒயின் பாடம் இல்லாம முடியாது. புஸ்தகத்துல இருக்கும். ஆனா புஸ்தகத்துல படிக்கிறது வேற, வாயில படுறது வேற. அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை போனோம். ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. தரையில பாய் போட்டு வாழ இலை. பெரியவருக்கு மட்டும் ஒரு ஸ்டூலும் ரெமி செஞ்ச குட்டி மேசையும். அந்த மேசைய அவர் கையால தடவிப் பார்த்தாரு, அடியில குனிஞ்சு மூட்டுப் போட்டிருக்கறதப் பார்த்தாரு. எழிலி கதவுக்குப் பின்னால நின்னு பார்த்துக்கிட்டிருந்துச்சு. அப்பன் கண்ணு அதுக்கு, சாம்பல் நிறம். பெரியவர் அதப் பார்த்துட்டு சட்டுனு குனிஞ்சு பாட்டிலத் திறக்க ஆரம்பிச்சுட்டாரு.

நான் பாட்டில அரை மணி நேரம் ஐஸ் தண்ணியில வைக்கச் சொல்லியிருந்தேன். நம்ம ஊர் வெயில்ல அப்படியே ஊத்தினா கஷாயம் மாதிரி இருக்கும். ரொம்பக் குளிரவும் கூடாது. கையில பிடிச்சா லேசாச் சில்லுனு இருக்கணும். அவர் தொட்டுப் பார்த்துட்டு என்னைப் பார்த்துத் தலை அசைச்சாரு. அந்தத் தலை அசைப்பு இருக்கே, அதுக்கே நான் பாதி மயங்கிட்டேன்.

ஊத்தினாரு. தம்பி, நீங்க குடிப்பீங்களா? இல்லையா, சரி. குடிக்காதவங்களுக்குச் சொல்றதுதான் சுலபம். அந்த ஒயின்ல மூணு திராட்சை. ஒண்ணு கிரெனாஷ். அது வெயிலக் குடிச்சு வளர்ற பழம். நாக்குல பட்டதும் இனிக்கிற மாதிரி இருக்கும், ஆனா இனிப்பு இல்ல. பழம் பழுத்த வாசன. நெஞ்சுல கதகதன்னு இறங்கும். ஆனா தனியா விட்டா சீக்கிரம் களைச்சுப்போயிடும், நிறமும் நிக்காது. ரெண்டாவது சிரா. கறுப்புன்னா கறுப்பு. நிறத்தக் குடுக்கறது அதுதான். நம்ம மிளகு இருக்கு பாருங்க, நுணுக்கின உடனே மூக்குல ஏறுமே, அதே வாசன அந்தப் பழத்துக்குள்ளயே இருக்கு. மிளகு போடாமயே மிளகு! மூணாவதுதான் மூர்வேத்ர். துவர்ப்பு. வாய உள்ளேருந்து இழுத்துப் பிடிக்கும். முதல் அஞ்சாறு வருஷம் ஒண்ணுமே சொல்லாது, ஊமை மாதிரி கிடக்கும். அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளிய விடும். மத்த ரெண்டையும் நிமிர்த்தி நிக்க வைக்கிறதே அதுதான்.

முதல் கிளாஸ் குடிச்சேன். பெரியவர் பேச ஆரம்பிச்சாரு. பேச வராதுன்னவரு, கிளாஸக் கையில எடுத்ததும் வந்துடுச்சு. கிளாஸ ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக்கிட்டு, மரகதத்தப் பார்த்து மெதுவாச் சொன்னாரு: "மதாம், இதுல இருக்கற மூர்வேத்ர் ரெமி வச்சது. எல்லாத்தையும் பிடுங்கினேன், சுவரோரமா ரெண்டு வரிசை தப்பிச்சுது. அந்த ரெண்டு வரிசையிலேருந்து வந்தது இது. எனக்குப் பொறுமை இல்ல. செடிகிட்டயும் இல்ல, பையன்கிட்டயும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

நான் மரகதத்துகிட்டச் சொன்னேன்: "இதுல மூணு வகைத் திராட்சை கலந்திருக்காம்மா. அதுல ஒரு வகை இப்ப அவர் தோட்டத்துல அதிகமா இல்லையாம். அபூர்வமான ஒயினாம்."

என்னை அப்படிப் பார்க்காதீங்க தம்பி. இலை போட்டாச்சு. குழந்தை நிக்குது. அந்த நேரத்துல செத்தவன் பேர எடுத்து, அந்தப் பொண்ணு அழுது, விருந்து இழவு வீடாயிடக் கூடாதேன்னுதான். நல்லதுக்குத்தான். மெதுவாச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன்.

மரகதத்துக்கும் ஒரு சின்ன டம்ளர்ல ரெண்டு வாய் ஊத்திக் குடுத்தாரு. அது குடிக்கல. மோந்து பார்த்துச்சு. பார்த்துட்டு, "சார், எங்க யூனிட்ல புதுசாத் தோல் கட்டு பிரிக்கும்போது ஒரு வாசன வரும், அது மாதிரியே இருக்குதுன்னு சொல்லுங்க"ன்னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. அவ்வளவு தூரத்துலேருந்து ஒரு மனுஷன் சுமந்துக்கிட்டு வந்திருக்காரு, அதப்போய்ச் செருப்புத் தோல்னா? "நல்ல வாசனயா இருக்குன்னு சொல்றாங்க"ன்னு மாத்திச் சொன்னேன். அவர் முகத்துல எதுவும் இல்ல. அப்புறமா ஒரு புஸ்தகத்துல பார்த்தேன், மூர்வேத்ருக்கு அடையாளமே தோல் வாசனதானாம். எனக்கு எப்படித் தெரியும்?

சாப்பாடு வந்துச்சு. மிளகுக் கறி இருந்துச்சு, சுட்ட கத்திரிக்காய் இருந்துச்சு. கூடவே ஒரு சட்டி நிறைய வஞ்சிர மீன் குழம்பு! புளி ஊத்தி, பச்ச மிளகா கீறிப்போட்டு, மேல எண்ணெய் மிதக்குது. எனக்குக் கோவம். "என்னம்மா, சொன்னேனே"ன்னேன். "ஞாயித்துக்கிழமைன்னா அவருக்கு இதுதான் சார். இது இல்லாம இலைய மடிக்க மாட்டாரு. அவுங்க அப்பாவுக்கு ஒரு வாயாவது போடணும்ல"ன்னுச்சு.

"உங்க பையனுக்கு இது பிடிக்குமாம்"னு பெரியவருக்குச் சொன்னேன். இத மட்டும் சரியாச் சொன்னேன்.

மிளகுக் கறியோட அந்த ஒயினக் குடிச்சேன் பாருங்க. தம்பி, ரெண்டும் ஒரே அம்மா பெத்த பிள்ளைங்க மாதிரி. கறியில இருக்கற மிளகும் சிராவுல இருக்கற மிளகும் கை கோத்துக்கிட்டு நடக்குது. கொழுப்பு நாக்குல படிஞ்சா மூர்வேத்ர் வந்து துடைச்சுட்டுப் போகுது. சுட்ட கத்திரிக்காயில ஒரு புகை வாசன இருக்குமே, அதுக்குள்ள கிரெனாஷ் போய் உட்கார்ந்துக்குது. பிரான்ஸ்ல ஆட்டுத் தொடைய மூலிகை போட்டுச் சுட்டு இதோட சாப்பிடுவாங்களாம், ஆலிவ் போட்டு மணிக்கணக்கா வேகவச்ச மாட்டுக்கறியோட சாப்பிடுவாங்களாம். நம்ம மிளகுக் கறிக்கு முன்னால அதெல்லாம் நிக்குமான்னு எனக்குச் சந்தேகம். நான் அத அவர்கிட்ட அழகான பிரெஞ்சுல சொன்னேன். நீளமாச் சொன்னேன். அவர் மரியாதைக்குக் கேட்டுக்கிட்டாரு, ஆனா கையி மீன் குழம்புச் சட்டிப் பக்கம்தான் போச்சு.

மீனையும் சிவப்பு ஒயினையும் சேர்த்தா என்ன ஆகும் தெரியுமா? அந்தத் துவர்ப்பும் மீன் எண்ணெயும் சேர்ந்து, துருப்பிடிச்ச ஆணிய வாயில வச்ச மாதிரி ஆயிடும். மிளகா காரம் வேற, ஒயின்ல இருக்கற சாராயத்த உசுப்பிவிட்டுத் தொண்டையச் சுடும். அவருக்குத் தெரியாதா? நாப்பத்தெட்டு வருஷம் ஒயின் பண்ணினவரு. மீன எடுத்து வாயில வச்சாரு, ஒரு வாய் ஒயின் குடிச்சாரு, மறுபடி மீன். கண்ணுல தண்ணி கொட்டுது. "காரம், மொசியே, தண்ணி குடிங்க"ன்னேன். வேணாம்னு கையக் காட்டிட்டு இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கினாரு. நாகரிகம்னா அதுதான்னு நினைச்சுக்கிட்டேன். மரகதம் எதிர்ல உட்கார்ந்து, அவர் சாப்பிடறதையே பார்த்துக்கிட்டிருந்துச்சு.

நான் ரெண்டாவது கிளாஸ் முடிச்சிருந்தேன்.

அப்ப அந்தப் பொண்ணு கேட்டுச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு, இலையப் பார்த்துக்கிட்டே கேட்டுச்சு. "சார், ஒண்ணு கேளுங்க அவர்கிட்ட. அவர எங்க வச்சிருக்காங்க? நான் ஒரே ஒரு தடவை வந்து பார்க்கலாமா? பாப்பாவையும் கூட்டிக்கினு. பார்த்துட்டு உடனே வந்துடறோம்."

இத எப்படிக் கேக்கறது? விருந்துக்கு வந்த மனுஷன்கிட்ட, கல்லறை எங்கன்னு? அதுவும் பதிவு இல்லாத கல்யாணம். அவர் ஏடாகூடமா ஏதாவது சொல்லிட்டா அந்தப் பொண்ணுக்குத்தானே அவமானம்? நான் நைசா ஒரு வழி பார்த்தேன். "மொசியே, உங்க ஊர் இங்கேருந்து ரொம்பத் தூரமான்னு கேக்கறாங்க"ன்னேன்.

அவர் கணக்குப் போட்டுச் சொன்னாரு: "ரொம்பத் தூரம். பாரீஸ் வரைக்கும் விமானம். அப்புறம் ரெண்டு ரயில். அப்புறம் காரு."

நான் திரும்பி, "ரொம்பத் தூரமாம்மா"ன்னேன்.

"சரிங்க சார்"னுச்சு. அவ்வளவுதான். எழுந்து போய்ச் சமையக்கட்டுல ஏதோ பாத்திரத்த எடுத்துச்சு, வச்சுச்சு. வெளிய வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

மூணாவது கிளாஸ் ஊத்தினாரு. மரகதம் வந்து உட்கார்ந்ததும் நிமிர்ந்து, என்னைப் பார்த்துச் சொல்லாம அதையே பார்த்துச் சொன்னாரு, பிரெஞ்சு புரியுங்கற மாதிரி. "செப்டம்பர்ல அறுவடை. நீங்க ரெண்டு பேரும் வாங்க. வீட்டுல நாலு ரூம் காலியாக் கிடக்கு. சுவரோரத்து ரெண்டு வரிசையக் குழந்தை கையால பறிக்கட்டும். அந்த நிலத்த அவ பேர்ல எழுதிடறேன். வர்றீங்களா?"

இதக் கேட்டதும் நான் கிளாஸக் கீழ வச்சுட்டேன். குடிச்ச நேரத்துல பெரியவங்க என்ன வேணா சொல்லுவாங்க. பொழுது விடிஞ்சா மகள் கிளேர் என்ன சொல்லுவாங்களோ. இந்தப் பொண்ணுக்குப் பாஸ்போர்ட் இருக்கா, விசா குடுப்பாங்களா? இல்லாதவங்களுக்கு ஆசை காட்டி மோசம் பண்றது பாவம் தம்பி. முப்பத்திநாலு வருஷத்துல எத்தனை பேர் பிரான்ஸ், பிரான்ஸ்னு ஏங்கிக் கெட்டுப்போனத நான் பார்த்திருக்கேன். அதனால, "அவங்க ஊர்ல செப்டம்பர் மாசம் அறுவடையாம்மா. பார்க்க ரொம்ப நல்லா இருக்குமாம்"னேன்.

"அப்படிங்களா"ன்னுச்சு. "சந்தோஷம்னு சொல்லுங்க."

"சந்தோஷம்ங்கறாங்க"ன்னேன்.

அவர் கொஞ்சம் முன்னால சாய்ஞ்சாரு. "அப்ப வர்றாங்களா?"

"பார்க்கலாம்ங்கறாங்க"ன்னேன்.

அவர் என்னப் பார்த்தாரு, அந்தப் பொண்ணப் பார்த்தாரு, கதவுகிட்ட நின்ன எழிலியப் பார்த்தாரு. கையத் துடைச்சுக்கிட்டு, மிச்சமிருந்த ஒயின எனக்கே ஊத்திட்டாரு. ரெண்டு நாள் கழிச்சுப் பிளேன் ஏறிட்டாரு. மீதி ரெண்டு பாட்டில என்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு. நான் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், எவ்வளவு அழகா ஒரு மத்தியானம், ஒரு சண்ட இல்ல, ஒரு கண்ணீர் இல்ல, நான் இல்லேன்னா என்னென்ன ஆகியிருக்குமோன்னு. நிஜமாத்தான் சொன்னேன். நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்.

ஆகஸ்ட் மாசம் கடைசியில, ஒரு சனிக்கிழமை காலையில, மரகதம் வந்து வாசல்ல நிக்குது, எழிலியோட. கையில கவர். "பிரான்ஸ்லேருந்து வந்திருக்குது சார், படிச்சுச் சொல்லுங்க."

இதோ, இப்ப நீங்க உட்கார்ந்திருக்கற நாற்காலியிலதான் உட்கார்ந்துச்சு. உள்ள ரெண்டு காயிதம். ஒண்ணு கிளேர் எழுதினது. ஜூன் மாசம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு, வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சு போயிடுச்சு. அவர் மேசையில உங்களுக்கு எழுதி முடிக்காத ஒரு கடிதம் இருந்துச்சு, அத அனுப்பறேன்னு. ரெண்டாவது பெரியவர் கையெழுத்து. அத நான் எடுத்துப் படிக்க ஆரம்பிச்சேன். ஒரு வரி பிரெஞ்சுல படிச்சு, ஒரு வரி தமிழ்ல.

"அன்புள்ள மதாம். உங்கள் வீட்டில் சாப்பிட்ட மீனை மறக்க முடியவில்லை. ஒயினோடு அது சேரவில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எட்டு வருடம் என் மகன் சாப்பிட்ட சாப்பாட்டை ஒரு நாள் சாப்பிட்டேன்."

இது வரைக்கும் நேராப் படிச்சேன். அடுத்த வரிக்குக் கண்ணு போச்சு. நின்னுட்டேன். "கையெழுத்து சரியாப் புரியலம்மா"ன்னேன்.

"படிங்க சார்"னுச்சு.

தம்பி, அப்பக்கூட என்னால மாத்திப் படிச்சிருக்க முடியும். நாக்கு நுனியில வந்துடுச்சு. வானிலை, அறுவடை, உடம்பு சரியில்லன்னு நாலு வரி கட்டிச் சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும்? ஆனா அந்தப் புள்ள எழிலி என் பக்கத்துல வந்து, காயிதத்துல எந்த வரியில என் விரல் இருக்குன்னு பார்த்துக்கிட்டு நிக்குது. விரல நகர்த்த முடியல. படிச்சேன்.

"ரெமி வைத்த செடிகளைப் பிடுங்கியதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் ஒயின் நல்ல வாசனை என்றீர்கள். என்னோடு வந்து இருங்கள் என்றேன். பார்க்கலாம் என்றீர்கள். நீங்கள் சொன்னது சரிதான். உங்களைக் கேட்காமல் அவனை எடுத்துக்கொண்டு போனவர்கள் நாங்கள். ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று நீங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லையே. கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். அவன் சுவரோரத்து..."

அதோட நின்னுடுச்சு கடிதம். அதுக்கு மேல எழுதல.

மரகதம் காயிதத்த என் கையிலேருந்து வாங்கித் திருப்பிப் பார்த்துச்சு, பின்னால ஒண்ணும் இல்ல. அப்புறம் அந்தப் பொண்ணு கேட்டுச்சு. கத்தல, அழல. "நான் கேட்டத நீங்க கேக்கலையா சார்?"

"கேட்டேன்மா. வேற மாதிரி கேட்டேன்"னேன்.

இதுக்கு என்னைத் திட்டியிருக்கலாம். கையில கிடைச்சத எடுத்து அடிச்சிருந்தாக்கூட வாங்கிக்கிட்டிருப்பேன். நான் எழுந்து நின்னு, நல்லதுக்குத்தான்மா பண்ணினேன், உன் மனசு புண்படக் கூடாதுன்னுதான், அப்படின்னு என்னென்னவோ சொன்னேன். இப்பவும் சொல்றேன் உங்ககிட்ட, நான் என்ன கெட்ட எண்ணத்துலயா பண்ணினேன்? அது எதையும் காதுல வாங்கல. கிளேர் காயிதத்துல மேல போன் நம்பர் இருந்துச்சு. "போட்டுக் குடுங்க"ன்னுச்சு.

பின்னால நடந்தத முன்னாடியே சொல்லிடறேன். அவங்க போகல. பாஸ்போர்ட் வந்து, விசாவுக்கு நிக்கறதுக்குள்ள அக்டோபர் மொதல் வாரம் பெரியவர் போயிட்டாரு. உயில் எதுவும் எழுதல. தோட்டத்த வித்துட்டாங்க. கிளேர் கல்லறையோட போட்டோ ஒண்ணு அனுப்பினாங்க, மரகதம் அத என்கிட்டக் காட்டல, எழிலிதான் காட்டுச்சு. இப்ப அந்தப் புள்ள பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு எடுத்திருக்கு. வேற வாத்தியார்கிட்ட. நான் காசு வாங்காம சொல்லித் தர்றேன்னு ஆள் விட்டுச் சொன்னேன். வேணாம்னுட்டாங்க. சரி, அது அவங்க இஷ்டம்.

போன் போட்டேன். கிளேர் எடுத்தாங்க. யார் பேசறோம்னு சொன்னேன். அவங்க தடுமாறிட்டாங்க. "அப்பா பக்கத்துலதான் படுத்திருக்காரு. பேச வராது. கேக்குது. ஆனா எவ்வளவு புரியுதுன்னு டாக்டருக்கே தெரியல. நான் போன அவர் காதுகிட்ட வைக்கிறேன், அவங்க சொல்றத நீங்க பிரெஞ்சுல சொல்லுங்க"ன்னாங்க. நான் ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சேன். தொண்டையச் சரி பண்ணிக்கிட்டேன். ஒரு வார்த்த விடாம, ஒரு எழுத்து மாத்தாம சொல்லிடணும்னு முடிவு பண்ணிட்டேன். சத்தியமா.

"சொல்லும்மா"ன்னேன்.

அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து, "நீங்க சொல்ல வேணாம் சார்"னுச்சு.

"அவருக்குத் தமிழ் தெரியாதேம்மா."

"தெரியாட்டிப் போவுது. அவரு கேக்கட்டும்."

போன் மேல குனிஞ்சுக்கிட்டு, "மாமா"ன்னுச்சு. "மாமா, நான் மரகதம் பேசறேன். நீங்க கேட்டது எனக்கு இன்னிக்குத்தான் வந்து சேந்துச்சு. நான் அன்னிக்கே கேட்டேன் மாமா. அவர எங்க வச்சிருக்கீங்கன்னு கேட்டேன். வந்து பார்க்கலாமான்னு கேட்டேன். அது உங்ககிட்ட வரல. நான் வர்றேன். பாப்பாவும் வர்றா. அவரு நல்லாத்தான் இருந்தாரு மாமா இங்க. ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு ஊத்திச் சாப்பிட்டுட்டு, மாடியில தொட்டி வச்சு ஒரு திராட்சக் கொடி வச்சாரு, அது மூணு தடவையும் பட்டுப்போச்சு. மறுபடி மறுபடி வச்சாரு. உங்க மேல அவருக்குக் கோவமில்ல மாமா. என்கிட்ட ஒரு நாள்கூடக் கோவமாச் சொன்னதில்ல. அத மட்டும் நான் சொல்லணும்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்துச்சு. பிரெஞ்சு இல்ல. எந்த பாஷையும் இல்ல. காத்து ஒரு ஓட்டை வழியா வர்ற மாதிரி, நடுவுல அடைச்சு, மறுபடி. கிளேர் பதறிப்போய் என்னைக் கூப்பிடறாங்க: "மொசியே, அவங்க என்ன சொன்னாங்க? அப்பா அழறாரு. அவங்க என்ன சொன்னாங்க?"

எனக்கு அத்தனையும் பிரெஞ்சுல வந்து நிக்குது. வாக்கியம் வாக்கியமா, இலக்கணம் பிசகாம. நான் மரகதத்தப் பார்த்தேன், சொல்லவான்னு. அது என்னைப் பார்க்கல. போனையே பார்த்துக்கிட்டிருந்துச்சு. மறுபடி அந்தச் சத்தம். மரகதம் "ம்"னுச்சு. மறுபடி சத்தம். "ம், மாமா." அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தா இந்தப் பக்கம் ஒரு "ம்." எழிலி அம்மா தோள்ல தாடைய வச்சுக்கிட்டு, அதுவும் கூடவே "ம்" சொல்லுது.

நான் என்ன பண்றது? எழுந்துபோய் வாசல்ல நின்னுக்கிட்டேன் தம்பி. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும்.